ஒரே நாளில் மூன்று சோழர் கோயில்கள், தனி வழிகாட்டியுடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றையும் ஒரு காரும் ஒரு வழிகாட்டியும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பரிகாரத் தலங்கள், நவக்கிரகச் சுற்று போன்றவை இதில் இல்லை. கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்காக எழுதியது இது. சாமி கும்பிடுவதையும் சேர்த்துக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

ஏன் இந்த மூன்று கோயில்கள் மட்டும்?

தஞ்சைப் பெரிய கோயிலை 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004இல் மற்ற இரண்டையும் அதனுடன் சேர்த்து ஒரே தொகுதியாக்கினார்கள். முதலாம் இராசராசன் 1010இல் தஞ்சையில் கட்டி முடித்ததும், அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பியதும், நூறாண்டுகளுக்கு மேல் கழித்து இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் கட்டியதும் ஒரே மரபின் மூன்று மனநிலைகள். தாத்தாவின் வீட்டையும் பேரனின் வீட்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் என்ன மாறியது என்று புரியும்.

சரபர் சன்னிதிக்குப் பெயர் பெற்ற திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலும் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. அதையும் சேர்த்து நான்காக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மூன்றே ஒரு நாளுக்கு அதிகம்.

உண்மையில் ஒரே நாளில் முடியுமா?

முடியும். ஒவ்வொரு கோயிலுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கினால்தான் அதில் அர்த்தம் உண்டு. தஞ்சையிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டி, தஞ்சைச் சாலைப் பக்கமாகவே இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கிலோமீட்டர். வரைபடத்தில் இதெல்லாம் அருகருகே தெரியும். ஆனால் வழியெல்லாம் ஊர்கள், திருமண ஊர்வலங்கள், அறுவடைக் காலத்தில் சாலையோரம் காயும் நெல், கொள்ளிடத்தைக் கடக்கும் குறுகலான பாலம். கூகுள் காட்டும் நேரத்தோடு ஒவ்வொரு பயணத்துக்கும் இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நேரம் காரில் உட்கார முடியாது என்றால் கங்கைகொண்ட சோழபுரத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். தஞ்சையையும் தாராசுரத்தையும் நிதானமாகப் பார்த்தாலே நல்ல நாள்தான்.

எந்த வரிசையில் பார்ப்பது?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் நாள் இரவே கும்பகோணத்தில் தங்கிவிடுங்கள். காலை ஏழு மணிக்குத் தாராசுரம். ஒன்பது மணிக்கு அங்கிருந்து புறப்பட்டால் பத்து மணிவாக்கில் கங்கைகொண்ட சோழபுரம். பன்னிரண்டு மணிக்குச் சன்னிதி சாத்தும் வேளையில் கிளம்பி, வழியில் கும்பகோணத்தில் சாப்பிட்டுவிட்டுத் தஞ்சைக்கு வாருங்கள். இடையில் கிடைக்கும் வெயில் நேரத்தைத் தஞ்சை அரண்மனையின் கலைக்கூடத்துக்குக் கொடுங்கள். நாலரை மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்து, மேற்கு வெயில், கருவறைக்கு மேல் எழும் விமானத்தில் மஞ்சளாக ஏறுவதையும் அது இறங்கிய பிறகு விளக்குகள் போடுவதையும் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

கால வரிசைக்கு இது நேர் எதிர் என்று சில வழிகாட்டிகள் முகம் சுளிப்பார்கள். தஞ்சை முதலில், தாராசுரம் கடைசியில் என்று போனால் கட்டடக் கலையின் வளர்ச்சியைச் சொல்லுவது அவர்களுக்கு எளிது. தஞ்சையிலோ திருச்சியிலோ தங்குகிறவர்கள் அப்படியே போகலாம். காலை ஆறரைக்குப் பெரிய கோயில், பதினொரு மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம், மாலை நான்கு மணிக்குத் தாராசுரம். குறை என்னவென்றால், நடுவில் உள்ள கோயிலை உச்சி வெயிலில் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் தாராசுரத்தில் தொடங்கச் சொல்வதற்கு நேரக் கணக்கைத் தவிர வேறொரு காரணமும் இருக்கிறது. அங்கே சிற்பங்கள் விரற்கடை அளவில், கண்ணுக்கு நேரே இருக்கின்றன. கண் அங்கே கூர்மையாகிவிட்டால், பிறகு தஞ்சையில் அண்ணாந்து பார்க்கும்போது பிரம்மாண்டத்துக்கு அப்பாலும் ஏதாவது தெரியும். நேராகத் தஞ்சைக்குப் போகிறவர்கள் உயரத்தை மட்டும் வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

வழிகாட்டி அவசியமா? கைப்பேசியில் படித்துக்கொள்ள முடியாதா?

தகவல் வேண்டுமென்றால் கைப்பேசியே போதும். ஆனால் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று கைப்பேசி சொல்லாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாசற்படி ஓரமாக ஒரு சிற்பம் இருக்கிறது. உமையுடன் அமர்ந்திருக்கும் சிவன், காலடியில் கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். இராசேந்திரன் தனக்குக் கிடைத்த மணிமுடியையே இப்படிக் காட்டினான் என்று கருதுகிறவர்களும் உண்டு. கருவறையை நோக்கி நேராக நடப்பவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுவார்கள். நல்ல வழிகாட்டி உங்களை அங்கே நிறுத்தி, சிவனின் விரல்களைப் பார்க்கச் சொல்லுவார். எதிரே அமர்ந்திருக்கும் கலைமகளைக் காட்டுவார். அதற்குத்தான் அவருக்குப் பணம்.

மோசமான வழிகாட்டி அமைந்தாலோ, தனியாகவே போயிருக்கலாமே என்று தோன்றும். ஆகவே அடுத்த கேள்விதான் முக்கியம்.

நல்ல வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மத்திய சுற்றுலா அமைச்சகமும் மாநிலச் சுற்றுலாத் துறையும் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை வழங்குகின்றன. அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உரிமம் பெற்றவர் தானாகவே கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வருவார்.

ஆனால் அட்டை மட்டும் போதாது. தொலைபேசியில் பேசும்போது ஒன்றிரண்டு கேள்விகள் போட்டுப் பாருங்கள். “கங்கைகொண்ட சோழபுரத்தில் இரண்டு மணி நேரம் என்ன காட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். “பெரிய லிங்கம், பெரிய நந்தி” என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். சண்டேசரையும், ஒரே கல்லில் தாமரை வடிவில் அமைந்த நவக்கிரகத்தையும், உடைக்கப்பட்ட வாசல் கோபுரத்தின் கதையையும் அவராகவே சொன்னால் ஆள் சரி. “கல்வெட்டைக் காட்டி ஒரு வரியாவது வாசித்துச் சொல்ல முடியுமா?” என்பது இரண்டாவது கேள்வி. முடியும் என்று சொல்கிறவர் கிடைத்தால் அவருடைய நாளுக்கு ஏற்றபடி உங்கள் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மூன்று ஊர்களுக்கும் கூடவே வரும் ஒருவரை அமர்த்துவதா, ஒவ்வொரு வாசலிலும் ஒருவரைப் பிடிப்பதா என்று கேட்பார்கள். கூடவே வருபவர்தான் நல்லது. தாராசுரத்தில் சொன்னதைத் தஞ்சையில் நினைவுபடுத்த அவரால் மட்டும்தான் முடியும்.

டிரைவரே எல்லாம் சொல்லுவார் என்கிறார்களே?

டிரைவர்களில் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் கண் பாதி நேரம் வண்டி நிறுத்திய இடத்தில்தான் இருக்கும். கோயிலுக்குள் இரண்டு மணி நேரம் அவர் உங்களுடன் நடக்க முடியாது. எந்த ஓட்டலில் சாம்பார் நன்றாக இருக்கும், எந்தப் பாதையில் பாலம் வேலை நடக்கிறது என்பதற்கெல்லாம் அவர்தான் அதிகாரி.

எவ்வளவு செலவாகும்? எதற்கெல்லாம் தனியாகப் பணம் கேட்பார்கள்?

மூன்று கோயில்களிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பு வைக்கும் இடம், வண்டி நிறுத்துமிடம், அர்ச்சனைச் சீட்டு என்று சில்லறைச் செலவுதான். கலைக்கூடத்துக்கு டிக்கெட் உண்டு.

பெரிய செலவு காரும் வழிகாட்டியும்தான். வழிகாட்டிகள் அரை நாளுக்கு நான்கு மணி நேரம், முழு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். மேலே சொன்ன திட்டம் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு என்பதை முன்பே பேசி வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கை கூடினால் கட்டணம் மாறலாம். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு மேற்கொண்டு கேட்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும் சேரும். அவருடைய மதிய உணவு உங்கள் கணக்கில்தான் என்பது எழுதப்படாத வழக்கம்.

காருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா, சுங்கம் என்று நான்கு வரிகள் இருக்கும். நான்கையும் குறுஞ்செய்தியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்புவதாகக் கணக்கு என்பதையும் கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மஞ்சள் பலகை வண்டியாகவே அமர்த்துங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டில் தொல்லை வரும்.

கடைகளுக்கு அழைத்துப் போவார்களா?

போவார்கள். பட்டு, ஐம்பொன், தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டிப் பொம்மை என்று வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் அழைத்து வந்தவரின் பங்கும் அடக்கம் என்பது ஊரறிந்த விஷயம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயிலுக்குக் கூட்டம் வராத மாதங்களில் அவர் குடும்பம் நடத்துவது இதில்தான். “கடை வேண்டாம், அதற்குப் பதில் தாராசுரத்தில் அரை மணி நேரம் கூட நிற்போம்” என்று காலையிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் பட்டறைகள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சோழர் காலத்தது. அதை நேரில் பார்த்தால் கலைக்கூடத்தில் இருக்கும் சிலைகள் வேறு மாதிரி தெரியும். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

தாராசுரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

எல்லோரும் தேர்ச் சக்கரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முன்மண்டபமே குதிரைகள் இழுக்கும் தேராக அமைந்திருப்பது அழகுதான். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தையும் யாராவது காட்டிவிடுவார்கள். ஒன்றை மறைத்தால் இன்னொன்று தெரியும்.

நான் சொல்லுவது இவற்றை அல்ல. கருவறைச் சுவரின் வெளிப்புறம், அடித்தளத்தை ஒட்டி, நாயன்மார் கதைகள் சிறு சிறு பலகைகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, முடிந்தால் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டியவன். அதாவது, நூல் வந்து ஒரு தலைமுறைக்குள் சிற்பிகள் அதைக் கல்லில் எழுதிவிட்டார்கள். முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் மீட்ட கதையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அரை மணி நேரம் நிம்மதியாக இருப்பார்கள்.

தட்டினால் ஒலிக்கும் படிகள் பலிபீடத்தருகே உண்டு. இப்போது கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். யாராவது திறந்து தட்டிக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலான கல் அது.

வளாகம் தெரு மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. மழைக் காலத்தில் தண்ணீர் தேங்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வாசல் கோபுரமே இல்லையே?

இருந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இங்குள்ள கோபுரத்தையும் சுற்று மதிலையும் உடைத்துக் கல்லை எடுத்துப் போனார்கள். நீங்கள் கும்பகோணத்திலிருந்து வருகிற வழியில் கடக்கும் அணைக்கரை அதுதான். வழிகாட்டி வண்டியிலேயே இதைச் சொல்லிவிட்டால், கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கல் போன இடத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மிஞ்சிய விமானம் 53 மீட்டர் உயரம். தஞ்சையில் பதின்மூன்று நிலைகள் நேர்க்கோட்டில் ஏறுகின்றன. இங்கே ஒன்பது நிலைகள் உட்குழிந்து வளைந்து ஏறுகின்றன. அப்பனை மிஞ்சக் கூடாது என்று மகன் உயரத்தைக் குறைத்ததாக எல்லா வழிகாட்டிகளும் சொல்லுவார்கள். அழகான கதை. சான்று கேட்டால் சிரிப்பார்கள்.

கங்கை வரை படை அனுப்பி, கொண்டுவந்த நீரை ஏரியில் ஊற்றி, அந்த ஏரியையே நீராலான வெற்றித்தூணாக அறிவித்தான் இராசேந்திரன். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் செய்தி இது. சோழகங்கம் என்ற அந்த ஏரியை இன்று பொன்னேரி என்கிறார்கள். நேரமிருந்தால் மாளிகைமேட்டுக்கும் போகலாம், அரண்மனை இருந்த இடம். அங்கே இருப்பவை செங்கல் அடித்தளங்கள் மட்டும். இரண்டரை நூற்றாண்டு சோழரின் தலைநகரமாக இருந்த ஊர் என்பதை நம்ப முயன்று தோற்றுப்போகும் அனுபவத்துக்காகவே அதைப் பார்க்க வேண்டும்.

இங்கே சாப்பிட வசதி குறைவு. தண்ணீர், பழம் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

மதியம் கலைக்கூடம் எதற்கு? கோயில் பார்க்கத்தானே வந்தோம்?

காலையில் பார்த்த கோயிலின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. தாராசுரத்துப் பிட்சாடனரும், அதாவது பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனும், அவரைக் கண்டு மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளும் இப்போது தஞ்சை அரண்மனையில் நிற்கிறார்கள். தாராசுரத்தில் இருந்த இன்னொரு சிற்பமும் தஞ்சைக்கு வந்துவிட்டது. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து முதலாம் இராசாதிராசன் கொண்டுவந்த துவாரபாலகர். பீடத்திலேயே அந்தச் செய்தி தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வெற்றிச் சின்னத்துக்குப் பெயர்ப்பலகை எழுதி வைத்த அரசனின் மனதைப் பற்றி வழிகாட்டியிடம் பேசிப் பாருங்கள், உரையாடல் சூடு பிடிக்கும்.

செப்புத் திருமேனிகளில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பார்க்காமல் வரக் கூடாது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சடையைப் பாம்பால் கட்டித் தலைப்பாகை போலச் சுற்றியிருப்பார். கை சாய்ந்திருக்கும் காளை அங்கே இல்லை, ஆனால் அந்தக் கையின் வளைவிலேயே காளை தெரியும்.

பெரிய கோயிலில் வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எவை உண்மை?

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தவறு. காலையிலும் மாலையிலும் பிரகாரத்தில் நீளமாக விழுவதை நீங்களே பார்க்கலாம். உச்சிப் பொழுதில் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது அடுத்தது. சிகரம் பல துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தப்பட்டது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துண்டு துண்டாக ஏற்றியிருந்தாலும், விமானத்தின் அந்த உயரத்துக்கு ஏற்றியது சாதாரண வேலையா?

பெரிய நந்தி இராசராசன் வைத்ததல்ல. நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தது, சுப்பிரமணியர் சன்னிதி நாயக்கர் காலத்தது. “எல்லாம் ஆயிரம் வருடம்” என்று ஒரே மூச்சில் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விமானத்தின் வடபுறம் தொப்பி அணிந்த ஒரு வெளிநாட்டு உருவம் உண்டு. அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டின் பெயர் சொல்லுவார்கள். எதிர்காலத்தை முன்கூட்டி அறிந்து சோழன் வைத்தான் என்ற விளக்கத்தை மட்டும் ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். அரசியல்வாதிகள் முன்வாசல் வழியாக வந்தால் பதவி போய்விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. நமக்கு அந்தக் கவலை இல்லை.

உண்மையான கதைகள் இவற்றைவிடச் சுவையானவை. விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. தான் கொடுத்தவை, தன் அக்காள் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டும்படி இராசராசன் ஆணையிட்டிருக்கிறான். மற்றவர்கள் பெயரையும் தன் கோயிலில் வெட்டச் சொன்ன அரசன்! கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வீட்டு முகவரியோடு. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. வழிகாட்டியின் விரல் அந்தப் பெயர்களில் ஒன்றின்மேல் நின்று, எழுத்தைக் கூட்டி வாசித்துக் காட்டினால் கொடுத்த பணம் அதற்கே சரியாகிவிட்டது.

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் இவற்றைக் கண்டறிந்தார். மேல்தளத்தில் சிவன் ஆடும் கரணங்கள் என்ற நடன நிலைகளின் சிற்பங்கள் இருக்கின்றன. நூற்றெட்டில் 81 முடிந்திருக்கிறது, மீதிக் கற்கள் செதுக்கப்படாமல் காத்திருக்கின்றன. அங்கும் போக முடியாது. “உள்ளே ஆளைத் தெரியும், தனியாகக் காட்டுகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஓவியங்களின் படங்களை வளாகத்துக்குள் இருக்கும் விளக்கக் கூடத்தில் பார்க்கலாம்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் கல் கொதிக்கும், வெறுங்காலுடன் நடக்கவே முடியாது.

நாளையும் பாருங்கள். பிரதோஷ மாலைகளில் பெரிய கோயில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அந்தப் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் செய்வார்கள். ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் இராசராசனுக்குச் சதய விழா. திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அந்த நாள்களில் வாருங்கள். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாள்களைத் தவிருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் இரண்டும் கிடைக்காது.

உடை, செருப்பு, கேமரா?

தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை போதும். வெயில் நாளில் காலுறை போட்டுக்கொண்டால் பிரகாரத்தில் நடக்கச் சிரமம் இருக்காது. சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தாராசுரத்து மண்டபத் தூண்களில் நிழலில் மறைந்திருக்கும் சிற்பங்களுக்கு. கைப்பேசியில் வெளிப்பிரகாரத்தில் படம் எடுக்கத் தடையில்லை, கருவறையை எடுக்கக் கூடாது. முக்காலி நிறுத்திப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

கங்கைகொண்ட சோழபுரத்தில் புல்வெளியும் சமதரையும் இருப்பதால் எளிது. தஞ்சையில் பிரகாரம் சமம், தூரம்தான் அதிகம். சன்னிதிக்கு ஏறும் படிகள் உயரமானவை. முட்டிவலி உள்ளவர்கள் நந்தி மண்டபத்திலிருந்தே வணங்கிவிட்டு உட்காரலாம். அவர்களுக்குத் துணையாக ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் பின்னால் எல்லோரும் போய்விட்டு அம்மாவைத் தனியாக விடுவது அடிக்கடி நடக்கிறது.

குழந்தைகளுக்கு ஒரு நாளில் மூன்று கோயில் அதிகம். அவர்கள் நாளை அவர்களே இரண்டாக்கிவிடுவார்கள்.

இந்து அல்லாத நண்பர்கள் வருகிறார்கள். உள்ளே விடுவார்களா?

பிரகாரங்களிலும் சிற்பங்கள் உள்ள வெளிப்பகுதிகளிலும் யாரும் சுற்றிப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்ற பலகை இருக்கும். உள் சன்னிதி வரை போக விரும்பினால் அன்று அங்கே என்ன நடைமுறை என்று வழிகாட்டியை முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று வாதாடுவது விருந்தினருக்கும் சங்கடம்.

காரும் வழிகாட்டியும் இல்லாமல் பஸ்ஸில் போக முடியாதா?

தாராளமாக. தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், தாராசுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்கள் கங்கைகொண்ட சோழபுரம் வழியாகப் போகின்றன. செலவு மிகக் குறைவு. ஆனால் பஸ்ஸில் ஒரே நாளில் மூன்றும் என்று முயற்சி செய்யாதீர்கள், இரண்டு நாளாக்குங்கள். மிச்சமாகும் கார் வாடகையில், தாராசுரத்துக்கு மட்டுமாவது அரை நாள் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிக்கு அன்பளிப்பு தர வேண்டுமா?

கட்டாயமில்லை. திருப்தியாக இருந்தால் கொடுங்கள். டிரைவரை மறக்க வேண்டாம், காலை ஆறு மணியிலிருந்து அவரும்தான் விழித்திருக்கிறார். அர்ச்சகர் தட்டில் போடுவது உங்கள் விருப்பம். அர்ச்சனைச் சீட்டைக் கவுண்டரில் வாங்கினால் போதும், இவ்வளவு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் புன்னகையோடு நகர்ந்துவிடலாம்.